எதை விடுவது என்று யார் சொல்வது?

ஐ.டி. வேலையில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், வீட்டிலிருந்தே வேலை என்று ஆன பிறகு, இது பழகிய காட்சி. தினமும் ஒரே நேரத்தில் பையன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். கேமரா அணைந்திருக்கும். தன் முறை வந்ததும் மைக்கைத் திறந்து, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், தடை ஏதும் இல்லை என்று மூன்று விஷயம் சொல்லிவிட்டு மைக்கை மூடுவான். "இதுக்கு எதுக்குடா தினமும் மீட்டிங்?" என்று அம்மா கேட்டால் "ஸ்டாண்ட்அப் மா" என்பான். கூட்டம் நீண்டுவிடக் கூடாது என்பதற்காக நின்றபடியே பேசி முடிப்பதால் அந்தப் பெயர். இப்போது யாரும் நிற்பதில்லை. பாதிப்பேர் கட்டிலில் இருக்கிறார்கள்.

அந்தக் கூட்டம் 'அஜைல்' என்கிற வேலைமுறையின் ஒரு துணுக்கு. சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் முதலில் டெஸ்டராகவும் பிறகு ப்ராஜெக்ட் மேனேஜராகவும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். அஜைல் வருவதற்கு முந்தைய காலமும் தெரியும், வந்த பிறகு நடந்ததும் தெரியும். இன்று அது மென்பொருளைத் தாண்டி வங்கி, காப்பீடு, விளம்பரம், ஆள்சேர்ப்பு வரை போய்விட்டது. குறைந்த நாளில் நிறைய வேலை வாங்கும் வித்தை என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இப்போதைக்கு எதைச் செய்யாமல் விடலாம் என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஓர் ஆளை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்காரவைப்பதுதான் அஜைல். மற்றதெல்லாம் அந்த ஆளுக்குச் செய்து கொடுக்கும் வசதிகள்.

2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அந்தக் காலத்து ப்ராஜெக்ட் எப்படி ஓடியது என்பதைச் சொன்னால்தான் இது புரியும். வாடிக்கையாளருக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு, செங்கல் கனத்துக்கு ஓர் ஆவணம் எழுதுவோம். அவர் கையெழுத்துப் போடுவார். அதற்கு 'சைன்-ஆஃப்' என்று பெயர். பிறகு வடிவமைப்பு, பிறகு கோடிங், எல்லாம் முடிந்து கடைசியில் டெஸ்டிங். கோடிங் ஒரு மாதம் தள்ளிப்போனால் டெஸ்டிங்குக்கு ஒரு மாதம் குறையும். ரிலீஸ் தேதி மட்டும் அசையாது. வாடிக்கையாளர் முதல்முதலாகத் திரையைத் தொட்டுப் பார்க்கும்போது ஒன்றரை வருடம் ஓடியிருக்கும். "நான் கேட்டது இது இல்லையே" என்பார். நாங்கள் அவர் கையெழுத்தைக் காட்டுவோம். மாற்ற வேண்டுமென்றால் 'சேஞ்ச் ரிக்வெஸ்ட்' போடுங்கள், தனிக் காசு என்போம். அளவு ரவிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு, கல்யாணத்தன்று காலையில் தைத்த ரவிக்கையை நீட்டும் தையல்காரரின் கதைதான். துணி கெட்டது கெட்டதுதான்.

இப்படி மேலிருந்து கீழே ஒவ்வொரு கட்டமாக இறங்கும் முறைக்கு 'வாட்டர்ஃபால்' என்று பெயர். இதற்கு மூலமாக எல்லோரும் காட்டுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய ஒரு கட்டுரையை. வேடிக்கை என்னவென்றால், அதே கட்டுரையில் அவர் இப்படி ஒரே மூச்சில் இறங்குவது ஆபத்து, கோளாறு கடைசிக் கட்டத்தில்தான் வெளியே வரும் என்று எச்சரித்திருக்கிறார். படத்தைப் பார்த்தவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை போலிருக்கிறது.

மாற்று வழி தேடியவர்கள் பல இடங்களில் இருந்தார்கள். ஹோண்டா, கேனன் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் புதுப் பொருள்களை எப்படி உருவாக்குகின்றன என்று ஆராய்ந்து டக்கேயுச்சி, நோனாகா என்ற இரு பேராசிரியர்கள் 1986-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார்கள். வேலை ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குக் கைமாறிப் போகாமல், எல்லாத் துறை ஆட்களும் ஒரே குழுவாக ஆரம்பம் முதல் முடிவு வரை கூடவே ஓடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. ரக்பி ஆட்டத்திலிருந்து அவர்கள் எடுத்தாண்ட 'ஸ்க்ரம்' என்ற சொல்லை ஜெஃப் சதர்லேண்டும் கென் ஷ்வேபரும் மென்பொருளுக்குக் கொண்டுவந்தார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில், இப்படி வெவ்வேறு முறைகளை முயன்றுகொண்டிருந்த 17 பேர் கூடி ஒரே ஒரு பக்கத்தில் தங்கள் பொதுக் கொள்கையை எழுதினார்கள். அதுதான் அஜைல் அறிக்கை. பதினேழு பேரும் ஆண்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

ஸ்க்ரம் முறையில் செய்ய வேண்டியதையெல்லாம் ஒரே பட்டியலாக வைத்திருப்பார்கள். அது 'பேக்லாக்'. மிக முக்கியமானது மேலே, அவசரமில்லாதது கீழே. மேலிருந்து கொஞ்சம் எடுத்து, பெரும்பாலும் இரண்டு வாரத்தில், முடித்து ஓடவைத்துக் காட்ட வேண்டும். அந்த இரண்டு வாரம் 'ஸ்பிரின்ட்'. முடிவில் டெமோ. டெமோவைப் பார்த்துவிட்டுப் பட்டியலை மறுபடி அடுக்குவார்கள். அடுக்கும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான், அவர் 'ப்ராடக்ட் ஓனர்'. குழுவுக்கு வரும் தடைகளை நீக்குபவர் 'ஸ்க்ரம் மாஸ்டர்'. இவ்வளவுதான் சட்டகம். இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து, ஒரு தேர்வு எழுதினால் ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழே கிடைத்துவிடும். சட்டகம் எளிது. அந்தப் ப்ராடக்ட் ஓனர் நாற்காலியில் யாரை உட்காரவைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எஃப்.பி.ஐ. கதையை நான் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தபோது அமெரிக்காவின் அந்தத் துப்பறியும் துறை வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலும், பச்சை எழுத்து ஒளிரும் பழங்காலக் கணினித் திரையிலும்தான் வைத்திருந்தது. புதிய வழக்குக் கோப்பு மென்பொருள் ஒன்றுக்கு 17 கோடி டாலர் செலவழித்துவிட்டு, அது உதவாது என்று 2005-இல் கைவிட்டார்கள். அதன் தேவை ஆவணம் 800 பக்கத்துக்கு மேல். அடுத்த வருடம் 'சென்டினல்' என்ற பெயரில் மறுபடி ஆரம்பித்தார்கள். லாக்ஹீட் மார்ட்டின் ஒப்பந்ததாரர். நான்கு கட்டங்கள், 42.5 கோடி டாலர், 2009 முடிவுக்குள் என்பது கணக்கு. பிறகு அது 45.1 கோடியானது. 2010 ஆகஸ்டில் அமெரிக்க நீதித் துறையின் தணிக்கை அதிகாரிகள் பார்த்தபோது 40.5 கோடி கரைந்திருந்தது. நான்கு கட்டங்களில் இரண்டுதான் கைக்கு வந்திருந்தன. இதே வழியில் தொடர்ந்தால் இன்னும் ஆறு வருடமும் 35 கோடி டாலரும் வேண்டும் என்று வெளியிலிருந்து மதிப்பிட்ட ஒரு குழு சொன்னது.

அப்போது தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர் சாட் ஃபுல்கம், வால் ஸ்ட்ரீட்டிலிருந்து வந்தவர். அவர் ஒப்பந்ததாரரின் வேலையை நிறுத்தி, மீதியைத் துறையே நேரடியாக நடத்தும் என்றார். ஒப்பந்த ஆட்கள் சுமார் 220 பேர் இருந்த இடத்தில் 40 பேர். எஃப்.பி.ஐ.யின் சொந்த ஆட்கள் 30 பேர் 12 ஆனார்கள். தலைமையகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். மீதித் தேவைகளை, ஒரு துப்பறிவாளர் தன் வேலையில் என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்ற கோணத்தில், 670 குட்டிக் கதைகளாகப் பிரித்தார்கள். 'யூசர் ஸ்டோரி' என்பார்கள். இன்னார், இன்னது செய்ய வேண்டும், இன்ன காரணத்துக்காக என்று ஒரு வரி. அவற்றை முக்கியத்துவப்படி அடுக்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முடிந்ததை ஓட்டிக் காட்டினார்கள்.

எல்லாம் மந்திரம்போல நடந்துவிடவில்லை. 2011 செப்டம்பரில் முடியும் என்றார்கள், முடியவில்லை. அக்டோபரில் நிறைய பேரை ஒரே நேரத்தில் உள்ளே விட்டுச் சோதித்தபோது அமைப்பு விழுந்தது. வன்பொருளின் திறனைக் கூட்ட வேண்டியிருந்தது. 2012 ஜூலை 1 அன்றுதான் சென்டினல் நாடு முழுவதும் வேலைக்கு வந்தது. 2014-இல் தணிக்கை அதிகாரிகள் மறுபடி வந்து பயன்படுத்துகிறவர்களைக் கேட்டபோது, தேடினால் வேண்டியது பெரும்பாலும் கிடைக்கிறது என்று சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. ஆனாலும், பத்து வருடம் ஆள் மாற்றி ஆள் முயன்றும் முடியாத வேலை, ஆள் குறைந்த பிறகு இரண்டு வருடத்துக்குள் முடிந்தது. எதை முதலில் செய்வது, எது காத்திருக்கலாம் என்று சொல்லும் உரிமை வேலையைச் செய்கிறவர்கள் பக்கத்துக்கே வந்துவிட்டது என்பதைத்தான் நான் இதில் பார்க்கிறேன்.

அடுத்தது நமக்குப் பக்கத்து ஊர்க் கதை. 2004-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உள் உபயோக மென்பொருள்களில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்யும் ஒரு குழு ஹைதராபாதில் இருந்தது. மூன்று டெவலப்பர்கள், மூன்று டெஸ்டர்கள். அமெரிக்காவில் இருந்தபடி அதை நிர்வகிக்கும் பொறுப்புக்கு வந்தவர் டிராகோஸ் டுமிட்ரியு. ஒரு மாற்றம் கேட்டால் கைக்கு வர ஐந்து மாதம் ஆகும் என்பதால் நிறுவனத்துக்குள் அந்தக் குழுவுக்குக் கெட்ட பெயர். நம் ஆட்கள் சோம்பேறிகளா? டுமிட்ரியுவும் அவருக்கு யோசனை சொன்ன டேவிட் ஆண்டர்சனும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புதிதாக ஒரு கோரிக்கை வந்தால், 48 மணி நேரத்துக்குள் அதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று மதிப்பீடு கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்காக டெவலப்பரும் டெஸ்டரும் கையிலிருக்கும் வேலையைக் கீழே போட்டுவிட்டு உட்கார வேண்டும். குழுவின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த மதிப்பீட்டிலேயே போனது. மதிப்பிட்டதில் ஏறக்குறைய பாதி வேலைகள் பிற்பாடு நடக்கவே இல்லை.

அவர்கள் மதிப்பீட்டையே நிறுத்தினார்கள். ஒரு நேரத்தில் குழுவின் கையில் இத்தனை வேலைகள்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். வேலை கொடுக்கும் நான்கு பிரிவுகளின் பொறுப்பாளர்களையும் வாரம் ஒரு முறை தொலைபேசியில் கூப்பிட்டு, "இந்த வாரம் ஒன்றிரண்டு இடம் காலி. உங்கள் பட்டியலிலிருந்து எதை உள்ளே விடலாம்?" என்று கேட்டார்கள். நான்கு பேரும் தங்களுக்குள் பேசி முடிவுக்கு வந்தாக வேண்டும். உள்ளே வந்தது 25 நாளில் முடியும் என்ற உறுதி. நிரல் எழுதும் முறையில் எதையும் மாற்றவில்லை. ஒன்பது மாதத்தில், ஐந்து மாதம் எடுத்த வேலை சராசரியாக 14 நாளுக்கு வந்தது. இதுதான் மென்பொருளில் 'கன்பான்' முறையின் தொடக்கங்களில் ஒன்று. டொயோட்டா தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ வளர்த்த கன்பான் அட்டை முறையின் வழிவந்தது. அடுத்த இடத்தில் தேவை எழுந்தால்தான் இங்கே செய், முன்கூட்டிச் செய்து குவிக்காதே என்பது அதன் விதி.

ஹைதராபாத் கதையில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அந்த ஆறு பேரும் கெட்டிக்காரர்களாகத்தான் இருந்திருக்கிறார்கள். ஆனால் "எங்களை மதிப்பீடு கேட்காதீர்கள்" என்று சொல்லும் இடத்தில் அவர்கள் இல்லை. விதி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதை நீக்கும் வார்த்தையும் அங்கிருந்துதான் வர வேண்டியிருந்தது.

சென்னையில் அஜைல் என் அனுபவத்தில் எங்கே சறுக்கியது என்பதும் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு காப்பீட்டு நிறுவனம் எங்கள் வாடிக்கையாளர். ஒப்பந்தம் அஜைல் என்றே எழுதப்பட்டது. ஆனால் தொகை நிலையானது, தேதி நிலையானது, ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் என்னென்ன முடியும் என்று கடைசி ஸ்பிரின்ட் வரைக்கும் முதல் நாளே பட்டியல் கொடுத்துவிட்டோம். பட்டியல் மாறாது என்றால் பிறகு டெமோ எதற்கு? ப்ராடக்ட் ஓனர் அங்கே இருந்தார். அவருக்கு நேரம் இல்லாததால் எங்கள் பக்கமே ஒருவரை 'ப்ராக்ஸி ப்ராடக்ட் ஓனர்' ஆக்கினார்கள். பாவம், பெயர்தான் ஓனர். எதைக் கேட்டாலும் "இரவு ஃபோன் காலில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். ஒன்றை வேண்டாம் என்று விட அவருக்கு உரிமையே இல்லை.

அந்த ப்ராஜெக்டில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண். வேலையின் கடினத்தை ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்ற எண்களால் குறிப்பது ஸ்க்ரம் குழுக்களில் வழக்கம். 'ஸ்டோரி பாயின்ட்' என்பார்கள். கூட்டத்துக்கு முன்னால் என் மேசைக்கு வந்து ரகசியமாகக் கேட்டாள்.

"அக்கா, இது எட்டுன்னு தோணுது. எட்டுன்னு சொன்னா ஏதாச்சும் சொல்லுவாங்களா?"

"உனக்கு எட்டுன்னு தோணினா எட்டுன்னே சொல்லும்மா."

"இல்லக்கா, போன தடவ எட்டு சொன்னதுக்கு, உன்னால அஞ்சுல முடியாதான்னு கேட்டாங்க."

குழு தனக்குத்தானே வைத்துக்கொள்ள வேண்டிய அளவை மேலிடம் மதிப்பெண் ஆக்கிவிட்டது. இரண்டு வாரத்தில் எத்தனை பாயின்ட் முடிந்தது என்பது 'வெலாசிட்டி'. அது ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் ஏற வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்ரைசலிலும் சேர்த்தார்கள். பிள்ளைகள் புத்திசாலிகள். மூன்று பாயின்ட் வேலையை ஐந்து என்றார்கள், ஐந்தை எட்டு என்றார்கள். வரைபடம் அழகாக மேலே ஏறியது. காப்பீட்டுக்காரர்கள் பழைய வேகத்திலேயே மென்பொருளைப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். காலை ஸ்டாண்ட்அப் வருகைப் பதிவேடு மாதிரி ஆனது.

வேறொரு ப்ராஜெக்டில் இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. அந்த வாடிக்கையாளர் ப்ராடக்ட் ஓனராக அனுப்பியது ஐ.டி. ஆளை அல்ல. விபத்துக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பிரிவில் நெடுங்காலம் உட்கார்ந்து தலை நரைத்த ஒரு சூப்பர்வைசர் அம்மாள். எல்லா டெமோவுக்கும் தவறாமல் வருவார். ஒருமுறை நாங்கள் நாற்பது கட்டங்கள் கொண்ட ஒரு படிவத்தைத் திரையில் பெருமையாகக் காட்டினோம். சிறிது நேரம் பார்த்தவர், இதில் பாதிக்கு மேல் யாரும் நிரப்புவதே இல்லை, பழைய படிவத்தில் இருந்ததால் இங்கேயும் வந்திருக்கிறது, தூக்கிவிடுங்கள் என்றார். அதைத் தொட்டுச் செய்யவேண்டியிருந்த அறிக்கைகள், சரிபார்ப்புகள், டெஸ்ட் கேஸ்கள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போயின. பட்டியலிலிருந்து வேலை காணாமல் போனதை நான் கண்ணால் பார்த்த அபூர்வமான நாள்களில் அது ஒன்று. எந்தச் சான்றிதழும் அந்த அம்மாளிடம் இல்லை. அவருக்கு வேலை தெரியும், முடிவெடுக்கும் அதிகாரமும் இருந்தது.

அஜைல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பாலத்தைப் பாதி கட்டி மக்களை ஓட்டிப் பார்க்கச் சொல்ல முடியாது. மெட்ரோ சுரங்கத்தின் பாதையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற முடியாது. செய்ததைத் திருத்தும் செலவு குறைவாக இருந்து, வேண்டியது இன்னதென்று ஆரம்பத்தில் தெளிவாகத் தெரியாத வேலைகளில்தான் இதற்கு மதிப்பு. மென்பொருள் அப்படிப்பட்டது. ஒரு பத்திரிகையின் புதுப் பகுதி, கடையின் தீபாவளி விளம்பரம், பள்ளியின் புதிய சேர்க்கை முறை இவையும் அப்படித்தான்.

அஜைலுக்கென்றே தனிப் பதவிகள் குவிந்த காலமும் மாறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி 2023 ஜனவரியில் அஜைல் பணிப் பிரிவையே கலைத்து 1,100-க்கும் மேற்பட்ட பதவிகளை நீக்கியது. அந்த வேலையை இனி பொறியாளர்களும் ப்ராடக்ட் மேனேஜர்களும் சேர்த்தே பார்ப்பார்கள் என்றது. வேலை போனவர்களை நினைத்தால் வருத்தம்தான். ஆனால் கூட்டம் நடத்துவதற்கென்று மட்டும் ஓர் ஆள் என்ற ஏற்பாடு நெடுநாள் நிற்காது என்று எங்களில் பலருக்கு முன்பே தோன்றியிருந்தது.

கடைக்கு பில்லிங் மென்பொருளோ, மருத்துவமனைக்கு முன்பதிவுச் செயலியோ செய்யச் சொல்லி யாரிடமாவது பணம் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் என்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. மொத்தமும் எப்போது முடியும் என்று முதலில் கேட்காதீர்கள். இரண்டு வாரத்தில் ஓடுகிற மாதிரி எதைக் காட்டுவீர்கள் என்று கேளுங்கள். பணத்தையும் அப்படிக் காட்டக் காட்டப் பிரித்துக் கொடுங்கள். காட்டும்போது நீங்கள் மட்டும் பார்க்காமல், கல்லாவில் உட்காருகிறவரை, வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணை அழைத்து அவர் கையால் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் "இது இப்போது வேண்டாம்" என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். அண்ணன், தம்பி, மைத்துனர் என்று மூன்று பேரிடம் அதைப் பங்கு போடாதீர்கள். ஒரே ஒருவர். அவர் பெயரை ஒப்பந்தத்தில் எழுதிய பிறகு முன்பணத்தைக் கொடுங்கள்.